பியானோவுக்குப் பின்னால் அரிசி

அவரைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்கு இன்றும் உடம்பு சூடேறிவிடுகிறது. போன கிழமை பண்டாரவளைச் சந்தையில் வெற்றிலைக்காரன் ஒருவன் பெருமூச்சு விட்டான். ரயில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாமே கைக்கூலி ஆகிவிட்டதாம், அந்த ஸ்டேஷன் கிளாக்கர் காலத்தில் இப்படியா இருந்தது என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். வாங்கிய வெற்றிலையை அவன் கூடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் தண்டவாளம் பண்டாரவளையோடு முடிந்துவிடும். மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, பதுளை என்று ஊவாவில் எங்கே தேயிலை விளைந்தாலும் மாட்டு வண்டியில் இங்கே வந்துதான் ரயில் ஏற வேண்டும். அரிசியும் கருவாடும் உரமும் இங்கேதான் இறங்க வேண்டும். எந்தச் சரக்குக்கு எந்த வேகன், எந்த வண்டியில் எத்தனை பிரயாணிப் பெட்டி, எதைக் கழற்றுவது, எதைக் கோப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர் அவர்தான், சரக்குக் குமாஸ்தா. ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். கொடி காட்டுவார், ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். வேகன் வேண்டுமென்றால் அவரே, "கிளாக்கரைப் போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டிவிடுவார்.

மெலிந்த உயரமான ஆள். கறுப்புக் கோட்டு. கோட்டின் வலது பை எப்போதும் வெள்ளையாக இருக்கும், உள்ளே எழுதுகிற வெண்கட்டி கிடப்பதால். சரக்கு வந்து இறங்கிய உடனே, யாருடையது, என்ன ஏது என்று கேட்கும் முன்பே, அதன் மேல் வெண்கட்டியால் வரிசை இலக்கத்தைக் கிறுக்கிவிடுவார். அது விழுந்துவிட்டால் விழுந்ததுதான். முன்னே இருப்பது பின்னே போகாது, பின்னே இருப்பது முன்னே வராது. "மொறைன்னா மொறை" என்பார். கெஞ்சுகிறவனிடமும் அதையே சொல்வார், மிரட்டுகிறவனிடமும் அதையே சொல்வார். குரல் ஏறாது, இறங்காது.

எனக்கு ஸ்டேஷன் ரோட்டில் அரிசிக்கடை. கடைக்கு மட்டுமல்ல, சின்னச் சின்னத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் ஆட்களுக்குக் கொடுக்கும் அரிசியைக் கொழும்பிலிருந்து தருவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் கிட்டத்தட்ட தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆரம்பத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் கோபம் இவ்வளவு காலம் தங்கிவிட்டதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

ஒரு தடவை வெலிமடைப் பக்கத்துக் கிராமவாசி ஒருவன் வண்டி நிறையப் பூசணிக்காய் கொண்டுவந்து இறக்கினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய தோட்டத்தின் தேயிலைப் பெட்டிகள் வந்தன. மிச்சமிருந்தது ஒரே ஒரு வேகன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பூசணிக்காய் ஏறி கொழும்புக்குப் போயிற்று. அந்தக் கிராமவாசி இவர் காலில் விழப் போனான். "எந்திரிய்யா. நான் ஒனக்கு ஒண்ணும் செய்யல, நீ மொதல்ல வந்த" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த சரக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

பெருநாளுக்கு வீட்டிலிருந்து வட்டிலப்பம் அனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் நானே போய்க் கேட்டேன். முஸ்லிம் ஆட்களை ஊரில் கூப்பிடுவது போல என்னை அவர் 'நானா' என்பார்.

"பெருநாள் பலகாரம்தானே கிளாக்கர், அதுல என்ன?"

"ஒண்ணும் இல்ல நானா. ஆனா நாளைக்கு நீங்க வேகன் கேட்டு வருவீங்க. எனக்கு நாக்குல இனிப்பு இருக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பெண்சாதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பலகாரத்தைத் திருப்பி அனுப்புற மனுசன் நல்லவனா?" என்று கேட்டாள். நான் அவளைத்தான் திட்டினேன்.

ஊரில் அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது குதிரைச் சங்கதி. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம். ஒரு துரை தன் குதிரையோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். அந்த ஏற்றத்தில் இன்ஜின் இத்தனை பெட்டிதான் இழுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. குதிரைப் பெட்டியைக் கோத்தால் வேறொன்றைக் கழற்ற வேண்டும். துரைக்குத் தோட்டத் தமிழ் வரும்.

"கிளாக்கர், கூலிப் பெட்டி கழட்டு. குதிரை போடு."

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இந்தியாவுக்குப் போகிற தோட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். துரையின் சத்தத்தைக் கேட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு பேர் இறங்கத் தொடங்கினார்கள். இவர் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஏறி ஒக்காருங்க." பிறகு துரையிடம் திரும்பினார். "அவங்க மொதல்ல வந்தாங்க சார். குதிரை நாளைக்குப் போகும்."

"நாளைக்கு ரேஸ் முடிஞ்சு!"

"அப்ப குதிரைக்கு ஓய்வு சார்."

பிளாட்பாரமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பகிடி என்று நினைத்து அவர் அதைச் சொல்லவும் இல்லை. ரயில் கூலிப் பெட்டியோடுதான் புறப்பட்டது. இந்தக் கதையை நானே எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்திருப்பேன்!

அவர் எங்கிருந்து வந்தவர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கடைக்கு விளக்கெண்ணெய் வாங்க வந்தவர், மழை பிடித்துக்கொண்டதால் நின்றார். பிறந்தது நமுனுகுலப் பக்கம் ஒரு லயத்தில். பிறகு பதுளையில் மிஷன் பள்ளிக்கூடம். சின்ன வயதில், ரயில் நானுஓயாவோடு நின்றுவிடும் காலத்தில், நோயாளி அப்பாவோடு அந்த ஸ்டேஷனில் இடத்துக்காகக் காத்துக் கிடந்தாராம். ஒவ்வொரு வண்டியிலும் போர்ட்டர் கையில் எதையாவது வைத்தவன் ஏறிப் போனான். "கடைசியா எங்களுக்கு எடம் கெடச்சப்ப அப்பாவத் தூக்கித்தான் ஏத்தணும்னு ஆயிருச்சு" என்றார். மழை விட்டதும் போய்விட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கிருந்த மரியாதை இரண்டு மடங்காயிற்று. இன்றைக்கு நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. லயத்தில் பிறந்தவர்! பசி என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லையே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைப் புகழ்கிறவர்கள் தவறாமல் இதைச் சொல்லி மூக்கைச் சிந்துகிறார்கள். அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றுக்காக ஹட்டன் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நிலைமை மோசம், உடனே வா என்று தந்தி வந்தது. அந்தக் கிழமை லீவு கேட்டு அவருக்கு முன்பே இன்னொரு கிளாக்கர் எழுதிக் கொடுத்திருந்தாராம், கொழும்பில் ஏதோ கலியாண வீட்டுக்கு. அந்த மனிதர், "நீங்க போங்க, நான் அப்புறம் போறேன்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போய் வந்த பிறகுதான் இவர் போனார். அதற்குள் அவளுடைய அடக்கம் முடிந்துவிட்டது. தனக்கே சலுகை காட்டிக்கொள்ளாத மனுசன் என்று கண் கலங்குகிறார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அங்கே பாயில் கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யாருடைய முறைக்காகக் காத்திருந்தாள்? அதை ஒருத்தரும் கேட்பதில்லை.

இதற்கு அடுத்த ஐப்பசியில்தான் மலை சரிந்தது.

நாள் கணக்கில் பெய்த மழையில் அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் மண் இறங்கி, தண்டவாளத்தை அடித்துக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது. ரோட்டும் பல இடத்தில் உடைந்தது. வண்டி மாடு நகர வழியில்லை. சரிவுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், மாட்டிக்கொண்டது ஒரு பழைய இன்ஜினும் சில வேகன்களும்தான். கொழும்பிலிருந்து வருகிற சாமான்களை அந்தப் பக்கத்தில் இறக்கி, கூலி ஆட்கள் தலையில் வைத்துச் சேற்றைக் கடந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து குவிப்பார்கள். அங்கிருந்து அந்தச் சில வேகன்கள் நாளுக்கு ஓரிரு தடவை பண்டாரவளைக்கு இழுத்து வரும். எதை முதலில் ஏற்றுவது என்று பார்ப்பதற்கு மேலிடம் இவரையே அங்கே அனுப்பியது. வேறு யாரை அனுப்புவார்கள்?

அதற்குள் தோட்டங்களில் அரிசி தீர்ந்துவிட்டது. முதலில் அரைப் படி, பிறகு கால் படி, பிறகு ஒன்றுமில்லை. லயங்களில் பலாக்கொட்டையையும் காட்டுக் கிழங்கையும் கீரைத் தண்டையும் அவித்துத் தின்றார்கள். வயிற்றுப்போக்கு கண்டது. மடுல்சீமையிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை நடந்தே என் கடைக்கு வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அரிசி சரிவைத் தாண்டி வந்துவிட்டது என்று அன்று காலையில்தான் சேதி கிடைத்திருந்தது. நான் தண்டவாளத்தின் மேலேயே நடந்து அங்கே போனேன்.

அரிசி மூட்டைகள் தார்ப்பாயின் கீழ் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் உர மூட்டைகள். உரத்துக்கும் முன்னால், சாக்கும் வைக்கோலும் சுற்றி, ஒரு பியானோ. ஒரு துரைசானிக்காகச் சீமையிலிருந்து வந்ததாம். அவ்வளவு பெரிய சாமானை அந்தச் சேற்றில் எப்படித் தூக்கி வந்தார்கள் என்பது தூக்கியவர்களுக்குத்தான் வெளிச்சம். எல்லாவற்றின் மேலும் வெண்கட்டி எழுத்து.

"வாங்க நானா. ஒங்க அரிசி நாளன்னிக்கு" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"நாளன்னிக்கா? கிளாக்கர், லயத்துல அடுப்பு எரியல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா உரத்த ஏத்தப் போறீங்க? பியானோவ ஏத்தப் போறீங்க?"

"அது முந்தா நாளே வந்திருச்சு. மொறைன்னா மொறை."

"இது அவசரம் கிளாக்கர்."

"எல்லாருக்கும் அவசரம்தான் நானா. அவசரத்தப் பாத்து வேகன் குடுக்க ஆரம்பிச்சா, எவன் பெருசாக் கத்துறானோ அவனுக்குத்தான் கெடைக்கும். பசிச்சவனுக்குக் கத்தத் தெம்பு இருக்காது. நான் பாத்திருக்கேன்."

அந்தப் பேச்சுத்தான் என்னை இன்னும் வெறி கொள்ள வைக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அரிசி அங்கேயே கிடந்தது.

சற்று நேரத்தில் பியானோவுக்குச் சொந்தக்காரத் துரை குதிரையில் வந்து சேர்ந்தார். நான் ஓடிப்போய் நிலைமையைச் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சாமானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓ, அரிசி மொதல் போகட்டும். பியானோ பிறகு" என்று கிளாக்கரிடம் கையை அசைத்தார்.

எனக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கிளாக்கர் அசையவில்லை. "சார் ஒங்க மொறைய வேணாம்னு சொன்னா, அடுத்தது உரம். அரிசி இல்ல. ஒருத்தர் மொறைய இன்னொருத்தருக்குக் கை மாத்த முடியாது சார். அத விட்டா நாளைக்கே மொறைய விக்க ஆரம்பிச்சிருவாங்க."

துரை அவரைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ பியானோ போ" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன.

பியானோவை ஏற்றினார்கள். தூக்கியவர்களும் தோட்டத்து ஆட்கள்தான், அவர்களும் பட்டினிதான். வேகன் விளிம்பில் இடித்தபோது உள்ளே கம்பிகள் எல்லாம் ஒன்றாக முனகின. ஆட்கள் பயந்து கையை எடுக்கப் போனார்கள். "மெதுவா, மெதுவா" என்றார் இவர்.

அப்போதுதான் அந்தப் பெண்கள் வந்தார்கள். தண்டவாளத்தின் வழியே, நனைந்த கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகில் கொழுந்துக் கூடையோடு ஒரு நீளமான வரிசை. நமுனுகுலத் தோட்டமொன்றின் ஆட்கள். நான் அரிசி கொடுக்கிற தோட்டம். பண்டாரவளைக்கு வந்து, கடையில் அரிசி இல்லை, சரிவில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அப்படியே நடந்திருக்கிறார்கள். முன்னால் வந்தவள் வீராயி. கங்காணிக்குப் பயப்படாமல் பேசுகிறவள் என்று எனக்கு முன்பே பழக்கம்.

"மொதலாளி, எங்க அரிசி வந்திருச்சாமே?"

"வந்திருக்கும்மா." நான் கிளாக்கர் பக்கம் திரும்பினேன். "வேகன் வேணாம். நான் இங்கயே குடுத்துர்றேன். இவங்க சுமந்துட்டுப் போயிருவாங்க. என்ட அரிசி."

"பண்டாரவளைக்குப் போட்ட சரக்கு நானா. அங்க போய் எறங்குற வரைக்கும் ரயில்வே பொறுப்பு. வழியில பிரிக்க முடியாது." சொல்லிக்கொண்டே வந்து மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டார். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்கள் இருவரும் அவருக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

பெண்கள் யாரும் கத்தவில்லை. அவர் சொன்னது சரிதான், அவர்களுக்குக் கத்தத் தெம்பில்லை. வீராயி பியானோ ஏறிய வேகனைப் பார்த்தாள். உர மூட்டைகளைப் பார்த்தாள். அவற்றின் மேலிருந்த வெள்ளை எழுத்துகளையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எங்க மொறை எப்பங்கய்யா வரும்?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். கான்ஸ்டபிள்களில் ஒருவன், சிங்கள ஆள், அவனுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, தலையைக் குனிந்துகொண்டான். கிளாக்கர் மட்டும் அவளைப் பார்த்து, ஒழுங்காக வந்து ஒழுங்காகக் கேட்கிற ஒருத்தியிடம் பேசுகிற அன்போடு சொன்னார்:

"நாளன்னிக்கும்மா. ரெண்டாவது வண்டி."

அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். சரளைக் கல்லின் மேல் மல்லாந்து விழுந்தார். என் வாழ்க்கையில் நான் இன்னொரு மனிதனைத் தள்ளிவிட்டது அது ஒரு தடவைதான். செய்தது சரியா பிழையா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூட்டை ஒன்றின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். "அள்ளுங்க!" என்று கத்தினேன்.

அள்ளினார்கள். கூடையில் முந்தானையை விரித்து அதில் கொட்டினார்கள். ஒரு கான்ஸ்டபிள் என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டான். மற்றவன், அந்தச் சிங்கள ஆள், பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாக்கர் எழுந்து, பின்மண்டையில் ரத்தம் வழிய, ஒவ்வொருத்தியாக நெருங்கிச் சொன்னார். "எழுதிப் போட்ட சரக்கும்மா. வச்சிருங்க. நாளன்னிக்கு ஒங்களுக்குத்தான் வரும்." ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே வரிசையாக நடந்தார்கள்.

பதுளைக் கோர்ட்டில் என் மேல் வழக்கு நடந்தது. அவர் சாட்சி சொன்னார். நடந்ததை அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அரிசி என்னுடையது என்றும் சொன்னார், நான் திருடவில்லை என்றும் சொன்னார், தள்ளினேன் என்றும் சொன்னார். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று நீதவான் கேட்டார். "இதேதான் செய்வேங்க" என்றார். எனக்குத் தண்டம் போட்ட நீதவான், அவர் கடமை உணர்ச்சியை மெச்சி நாலு வார்த்தை பேசினார். கோர்ட்டில் இருந்த சனங்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

தலையாட்டியவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வீராயி கூட்டம் போன மறுநாள் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் சரிவுக்கு வந்தது. அவர்கள் நடந்து வந்த தூரம் இன்னும் அதிகம். நான் போலீஸ் லாக்கப்பில் இருந்தேன். சரிவில் காவலுக்கு இன்னும் போலீஸ் வந்திருந்தது. வெறுங்கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்ச அரிசி அவர் சொன்ன அதே நாளில், அதே இரண்டாவது வண்டியில் பண்டாரவளைக்கு வந்து இறங்கியது. சொன்ன சொல் பிசகவில்லை. அதை மடுல்சீமைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் அங்கே ஒரே லயத்தில் இரண்டு கைக்குழந்தைகளையும் ஒரு தாயையும் புதைத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டு, அடுத்த தடவை அரிசிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

வழக்கு முடிந்து கொஞ்ச நாளில், பாதை சரியாகி ரயில் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு சந்தை நாள் பின்னேரம் அவர் என் கடைக்கு வந்தார். கடையில் கூட்டம். அவர் யாரையும் விலக்கிக்கொண்டு வரவில்லை. உப்பு வாங்க வந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தலையில் காயம் ஆறிய இடத்தில் முடி இல்லை. முன்பைவிட மெலிந்திருந்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். மடுல்சீமைச் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். எட்டாமல் இருக்காது.

ஒவ்வொருத்தருக்காக நிறுத்துக் கொடுத்தேன். அவசரப்படவில்லை. அவரும் அவசரப்படவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஒரு சிறு பெண் முந்தப் பார்த்தபோது கூட, தன் இடத்தை விடாமல் நின்றார். உப்பு வாங்கியவள் போனாள். அவர் ஓரடி முன்னே வந்து, நிமிர்ந்து, "நானா" என்றார்.

நான் தராசைக் கழற்றி உள்ளே வைத்தேன். வாசலுக்கு வந்து, உள்ளே நின்றபடியே கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினேன். கடைசிப் பலகையைப் போடும்போது அவர் முகம் இருந்தது, பிறகு இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே அன்று கடையைச் சாத்திவிட்டேன். வெகு நேரம் அவர் அங்கேயே நின்றார் என்று பக்கத்துக் கடைக்காரன் பிறகு சொன்னான். என்ன வாங்க வந்தார், அல்லது என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.